நடத்தை ஆதரவு நிபுணர் வீட்டுக்கு வந்த பிறகு: ஆஸ்திரேலியாவிலிருந்து சில அனுபவங்கள்

சிட்னியிலிருந்து ஒரு தந்தை:

என் மகனுக்கு ஆட்டிசம். பேச்சு மிகக் குறைவு, வயது பத்தொன்பது, என்னைவிட உயரம். சில மாலைகளில் மணிக்கட்டை இரத்தம் வரும்வரை கடித்துக்கொள்வான். தடுக்கப் போனால் அடி விழும். என்.டி.ஐ.எஸ். என்ற தேசிய ஊனமுற்றோர் காப்பீட்டுத் திட்டத்தில் நடத்தை ஆதரவுக்கு, அதாவது இப்படிப்பட்ட நடத்தைக்குக் காரணம் கண்டு மாற்றுவழி அமைக்கும் உதவிக்கு, நிதி கிடைத்ததும் ஒரு நிபுணர் வந்தார். அவர் முதலில் எங்கள் கையில் கொடுத்தது ஒரு தாள். மூன்றே கட்டங்கள்: முன்னால் என்ன நடந்தது, அவன் என்ன செய்தான், பின்னால் என்ன நடந்தது. “அடம்பிடித்தான் என்று எழுதாதீர்கள், கண்ணால் கண்டதை மட்டும் எழுதுங்கள்” என்றார்.

தாள்கள் சேர்ந்ததும் சாப்பாட்டு மேசையில் பரப்பிவைத்து எங்களோடு உட்கார்ந்தார். கடித்த நாட்கள் எல்லாமே மாலையில் ஆதரவுப் பணியாளர் மாறும் நாட்கள். அப்படி ஒரு மாலையில் வந்து கூடத்தின் ஓரத்தில் அமர்ந்து கவனித்தார். வாசலில் காலணியைக் கழற்றியபடியே வருகிறவர் கேட்கிறார், கிளம்புகிறவர் சொல்கிறார்: சாப்பிட்டானா, கழிப்பறைக்குப் போனானா, இன்று தொந்தரவு உண்டா? என் மகன் இருவருக்கும் நடுவில் நிற்கிறான். அவனிடம் யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. கிளம்பியவருடைய கார் நகரும் சத்தம் கேட்டதும் கை வாய்க்குப் போனது.

அவர் எழுதிய ஆதரவுத் திட்டத்தில் பெரும்பகுதி எங்களுக்கும் பணியாளர்களுக்கும் உரிய வேலைதான். விவரங்களையெல்லாம் நோட்டுப் புத்தகத்தில் எழுதிவைக்க வேண்டும். வருகிறவர் முதலில் அவனிடம் பேச வேண்டும். சமையலறைச் சுவரில் ஒரு பலகை, அதில் அன்று வரப்போகிறவர்களின் புகைப்படங்கள். கிளம்புகிறவரின் படத்தை அவனே எடுத்து உறைக்குள் போடுவான். ‘போதும்’ என்று சொல்ல ஓர் அட்டையும் உண்டு. அவன் அதை நீட்டினால் நாங்கள் அந்த நொடியே நிறுத்தியாக வேண்டும், பாதிக் குளியலாக இருந்தாலும் சரி. இன்றைக்கும் எப்போதாவது கடிக்கிறான். ஆனால் அட்டையை நீட்டும் மாலைகள் கூடிவிட்டன. மணிக்கட்டில் புதுத் தோல் வந்திருக்கிறது. எனக்கு அது பெரிய செய்தி.

மெல்பர்னில் குழு இல்லத்தில் (ஊனமுற்றோர் சிலர் பணியாளர் உதவியோடு சேர்ந்து வாழும் வீடு) வேலை பார்க்கும் ஒருவர்:

உங்கள் பதிவைப் படித்ததும் நான் முன்பு வேலை பார்த்த இல்லம் நினைவுக்கு வந்தது. அங்கே ஒருவர் இரவில் எழுந்து பால், ரொட்டி, பழம் என்று கிடைத்ததையெல்லாம் சாப்பிட்டுவிடுவார். அதனால் குளிர்சாதனப் பெட்டிக்குப் பூட்டு. பல ஆண்டுகளாக அப்படித்தான், யாரும் ஏன் என்று கேட்டதில்லை. புதிதாக வந்த நிபுணர் கேட்டார்.

தனி அறையில் அடைப்பது, நடத்தையை அடக்குவதற்காகவே மருந்து கொடுப்பது, பட்டையோ கருவியோ கொண்டு அசையவிடாமல் செய்வது, உடலைப் பிடித்து அமுக்குவது, பொருளையோ இடத்தையோ எட்டவிடாமல் பூட்டுவது: இந்த ஐந்தும் இங்கே சட்டக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டவை. 2018இல் தொடங்கிய என்.டி.ஐ.எஸ். தர, பாதுகாப்பு ஆணையத்துக்கு இவற்றைப் பற்றி அறிக்கை கொடுக்க வேண்டும். எழுதப்பட்ட ஆதரவுத் திட்டம் வேண்டும், மாநில விதிப்படி அனுமதி வேண்டும், படிப்படியாக எப்படிக் கைவிடுவது என்பதும் அதில் இருக்க வேண்டும். எங்கள் பூட்டு ஐந்தாவது வகை. கூட இருந்த மற்றவர்களும் அதனால் தண்ணீருக்குக்கூட எங்களைக் கூப்பிட வேண்டியிருந்தது.

இரவில் எழுந்து சாப்பிட்ட அந்த மனிதர் எடுத்துக்கொண்டிருந்த மனநல மருந்து பசியைத் தூண்டக்கூடியது. நிபுணர் மருத்துவரிடம் பேசி அதை மறுபரிசீலனை செய்யவைத்தார். இரவு உணவு நேரத்தைத் தள்ளிவைத்தோம். குளிர்சாதனப் பெட்டியில் அவருக்கென்று ஓர் அடுக்கு ஒதுக்கி, அவருடைய படத்தை ஒட்டினோம். முதலில் பகலில் மட்டும் பூட்டை எடுத்தோம், பிறகு இரவிலும். அந்த மனிதர் பெட்டியைத் திறந்து, தன் அடுக்கிலிருந்த தயிர்க் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு, மறுபடி மூடிவைத்துவிட்டுப் போனார். இத்தனை ஆண்டுகள் வயது வந்த ஒரு மனிதரைத் தன் சொந்தச் சமையலறையில் கைநீட்ட விடாமல் வைத்திருந்த வழக்கத்தை நினைத்தால் எனக்கு இன்றும் வயிறு எரிகிறது.

பிரிஸ்பேனிலிருந்து ஒரு தாய்:

சுருக்கமாகச் சொல்கிறேன். என் மகள் திடீரென்று கன்னத்தில் அறைந்துகொள்ள ஆரம்பித்தாள். நிபுணர் கேட்ட முதல் கேள்வி, “பல் மருத்துவரிடம் காட்டினீர்களா?” கடைவாய்ப் பல்லில் சீழ் வைத்திருந்தது. சிகிச்சை முடிந்ததும் அறைவது நின்றுவிட்டது. பேச முடியாத பிள்ளையின் நடத்தை சட்டென்று மாறினால் பல், காது, மலச்சிக்கல் மூன்றையும் முதலில் பாருங்கள். இதைப் பார்க்காமலே திட்டம் எழுத உட்காருகிறவரை நம்பாதீர்கள்.

மீண்டும் சிட்னித் தந்தை:

நிபுணரைத் தேடுகிறவர்களுக்கு: நேரில் வந்து கவனிப்பாரா, பணியாளர்களுக்குப் பயிற்சி கொடுப்பாரா என்று முன்கூட்டியே கேளுங்கள். பயிற்சிக்கான மணிநேரத்தை ஒப்பந்தத்தில் தனியாக எழுதி வாங்குங்கள். எங்கள் முழுத் திட்டம் தடித்த கோப்பு. வேலைக்கு வரும் எவருக்கும் அதைப் படிக்க நேரமில்லை. ஒரு பக்கச் சுருக்கம் கேட்டு வாங்கி, பலகைக்குப் பக்கத்திலேயே ஒட்டியிருக்கிறோம். புதிதாக வருகிறவர் அதைப் படித்த பிறகே வேலையைத் தொடங்குகிறார்.