கலைச்சொல் வேண்டும்: 'பியூஸ் டேப்' (திங்கட்கிழமை அச்சுக்கு)

கரூர் வாத்தியார் எழுதியது, வியாழன் இரவு:

குழுவினருக்கு வணக்கம். ஆட்டோ எலக்ட்ரீசியன் படிக்கும் பையன்களுக்கு ஒரு செய்முறைத் தாள் தயாரிக்கிறேன். காரில் ஜி.பி.எஸ். கருவிக்கு லைட்டர் சாக்கெட்டிலிருந்து ஒயரைத் தொங்கவிடாமல், பியூஸ் பெட்டியிலேயே கரண்ட் எடுத்து, ஒயர் கண்ணில் படாமல் முடிப்பதுதான் பாடம். 12 வோல்ட்டை 5 வோல்ட்டாக இறக்கும் சின்னப் பெட்டி, பாடியில் எர்த் அடிப்பது, முன்கண்ணாடித் தூணின் உறைக்குள் ஒயர் ஓட்டுவது எல்லாம் எழுதியாயிற்று. முட்டி நிற்பது ஒரே இடம். ஒரு பியூஸைப் பிடுங்கிவிட்டு அதே பொந்தில் ஒரு துண்டைச் செருகுவோம். அதில் இரண்டு பியூஸ் மாட்டலாம், பக்கவாட்டில் ஒரு ஒயரும் வரும். கடையில் 'பியூஸ் டேப்' என்பார்கள். அதற்குத் தமிழில் என்ன?

திருவையாற்றுப் புலவர் எழுதியது:

வாத்தியாருக்கு வாழ்த்து. பியூஸுக்கு 'உருகி' என்ற சொல் ஏற்கெனவே இருக்கிறது. இருக்கும் உருகியோடு இன்னொன்றை ஒட்டுவதால் 'ஒட்டுருகி'. ஒட்டு மாங்கன்று என்கிறோமே, அதே ஒட்டு. 'உயிர்வரின் உக்குறள் மெய்விட் டோடும்' என்பதால் புணர்ச்சியிலும் குறையில்லை.

ஆனால் கருவியின் பெயரையே 'ஜி.பி.எஸ்.' என்று விட்டுவிட்டு, அதன் துணைக்கருவிக்குத் தமிழ் தேடுவது முறையா? கலம் செலுத்துபவனுக்கு 'மீகாமன்' என்ற சொல் நமக்கு உண்டு. இந்தியாவின் செயற்கைக்கோள் அமைப்புக்கு 'நாவிக்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். வடமொழி நாவிகன், இலத்தீன் நாவிஸ் இரண்டுமே நம் 'நாவாய்' என்பதிலிருந்து கிளைத்தவை என்பது என் நெடுநாள் துணிபு. 'நளியிரு முந்நீர் நாவாய் ஓட்டி' என்னும் புறநானூற்று அடியிலிருந்து தொடங்கி நாளை விரிவாக எழுதுகிறேன்.

சென்னை மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

நாளை வேண்டாம் ஐயா, அவருக்குத் திங்கட்கிழமை அச்சு. வள்ளுவரே 'கடலோடும் நாவாயும் ஓடா நிலத்து' என்று சொல்லிவிட்டார். கார் நிலத்தில்தான் ஓடுகிறது.

யாழ்ப்பாணத்து அன்பர் எழுதியது:

எங்கள் பக்கம் 'செய்மதி வழிகாட்டி' என்றால் விளங்கும். சுவிட்சுக்கு ஆளி, சாட்டிலைட்டுக்குச் செய்மதி என்று உங்களோடு பல சொல்லில் பிரிந்து நிற்கிறோம். உருகி ஒன்றாவது இரண்டு கரைக்கும் பொதுவாக இருக்கிறது, அதைக் கெடுத்துவிடாதேயுங்கோ. மற்றபடி, அடுத்தவன் பொந்தில் இருந்து உறிஞ்சுகிற சாமானுக்குப் 'புல்லுருவி' பொருத்தம். உருகிக்கும் உருவிக்கும் ஓர் எழுத்துத்தானே வித்தியாசம்.

கோவைப் பட்டறைக்காரர் எழுதியது:

புலவர் ஐயா மன்னிக்கணும், 'ஒட்டு' சரிவராது. ஒட்டுக்கன்று அடிமரத்தின் வழியாகத்தான் சாறு எடுக்கும். இந்தத் துண்டு அப்படி எடுக்கக் கூடாது. பொந்தில் இரண்டு கால் உண்டு, ஒன்றில் பேட்டரிப் பக்கத்துக் கரண்ட் வரும், மற்றதில் பழைய லைனுக்குப் போகும். வருகிற காலிலேயே இரண்டாகப் பிரிந்து, பழைய லைன் தன் 15 ஆம்பியர் நீலப் பியூஸ் வழியாகவும், ஜி.பி.எஸ். லைன் தன் 3 ஆம்பியர் ஊதாப் பியூஸ் வழியாகவும் போகணும். துண்டைத் திருப்பிச் செருகினாலும் கருவி வேலை செய்யும், அதுதான் வம்பு. அப்போது இரண்டு சுமையும் அந்த ஒரே நீலப் பியூஸில் ஏறிவிடும். பையன்கள் டெஸ்டர் வைத்துப் பார்த்துவிட்டுச் செருகணும். நான் 'கிளையுருகி' என்பேன், பிரிகிற இடம் பெயரிலேயே தெரியும்.

அப்புறம், ஏர்பேக் பியூஸில் கை வைக்காதே என்று தடித்த எழுத்தில் போடுங்கள். தூண் உறைக்குள்ளும் ஏர்பேக் இருந்தால் ஒயர் அதன் பின்னால்தான் போகணும்.

புலவர் எழுதியது:

கிளை என்றால் சுற்றம் என்றும் பொருளுண்டு. மாணவர் மயங்குவர்.

மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

பியூஸ் பெட்டிக்கு முன் குனிந்திருக்கும் பையனுக்கு மாமன் மச்சான் நினைவு வராது ஐயா. என் கவலை வேறு. உதிரிபாகக் கடையில் போய்க் 'கிளையுருகி கொடுங்கள்' என்றால் கடைக்காரர் முழிப்பார். 'ஃபியூஸ் டேப்' என்று ஒலிபெயர்த்தே எழுதிவிடலாம். பழையன கழிதலும் புதியன புகுதலும் வழுவல என்று நன்னூலே அனுமதிக்கிறது.

புலவர் எழுதியது:

நன்னூல் அனுமதித்தது சொல்லை, ஆய்தத்தைச் சொல்லுக்கு முதலில் நிறுத்துவதை அல்ல! 'குறியதன் முன்னர் ஆய்தப் புள்ளி' என்று தொல்காப்பியம் இடம் வரையறுத்துவிட்டது. ஆய்தத்துக்கு முன் ஒரு குறில் வேண்டும். உங்கள் ஃபியூஸில் அது எங்கே?

கரூர் வாத்தியார் எழுதியது:

ஐயா, அம்மா, ஆய்தத்தை விடுங்கள். இன்னொரு இடமும் உதைக்கிறது. சாவியைத் திருப்பினால் மட்டும் வரும் கரண்ட், எப்போதும் இருக்கும் கரண்ட் என்று இரண்டு லைன் இருக்கிறதல்லவா? 'சாவிமின்', 'நிலைமின்' என்று எழுதியிருக்கிறேன். சரிதானா?

பட்டறைக்காரர் எழுதியது:

பட்டறையில் கீ சப்ளை, டைரக்ட் சப்ளை என்போம். சாவிமின் நன்றாக இருக்கிறது. ஜி.பி.எஸ்.க்கு அதுதான் வேண்டும்.

யாழ்ப்பாணத்து அன்பர் எழுதியது:

நிலைமின் வேண்டாம். சீப்பால் தலை வாரினால் பேப்பர் துண்டு ஒட்டுமே, அந்த மின்னுக்குப் பள்ளிக்கூடத்தில் வைத்த பெயர் அது.

புலவர் எழுதியது:

அப்படியானால் 'வற்றாமின்'. வற்றாத ஆறு என்பதுபோல.

பட்டறைக்காரர் எழுதியது:

வற்றாமின்னில் ஜி.பி.எஸ்.ஸை மாட்டி, காரைப் பத்து நாள் நிறுத்திப் பாருங்கள் ஐயா, பேட்டரி வற்றியிருக்கும்.

கரூர் வாத்தியார் எழுதியது, ஞாயிறு மாலை:

எல்லோருக்கும் நன்றி. தாளில் 'கிளையுருகி' என்று போட்டு, முதல் இடத்தில் மட்டும் 'கடையில் பியூஸ் டேப் என்று கேட்கவும்' என ஒரு வரி சேர்த்துவிட்டேன். சாவிமின் நிற்கிறது. மற்றதற்குப் பெயரே வைக்கவில்லை, 'எப்போதும் கரண்ட் உள்ள லைன்' என்று நீட்டி எழுதிவிட்டேன். மூன்று பேர் கிளைக்கு, ஒருவர் ஒட்டுக்கு, மற்றவர்கள் தூங்கப் போய்விட்டார்கள். நாளைக் காலை அச்சகத்துக்கு அனுப்புகிறேன்.

புலவர் எழுதியது, ஞாயிறு இரவு:

அச்சுக்குப் போகட்டும், தடுக்கவில்லை. ஆனால் அந்தத் துண்டில் உருகுவது எதுவும் இல்லை, உருகிகளைத் தாங்குவதுதான் அதன் வேலை. எனவே கிளையுருகி என்பது பொருட்குற்றம். ஒட்டுருகிக்கும் அதே குற்றம் உண்டு என்று யாரேனும் சொல்வீர்களானால், அது ஆகுபெயர்.