பையன் ஸ்கூல்ல ஸ்டீராய்டு டெஸ்டுக்கு கையெழுத்து கேக்குறாங்க, அவன் பேக்ல ஒரு டப்பா வேற இருந்துச்சு

ஜெர்சி_அம்மா:
எல்லாருக்கும் வணக்கம். நாங்க நியூ ஜெர்சில இருக்கோம், பையன் டென்த் கிரேடு, ரெஸ்லிங் பண்றான். சீசன் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஒரு கத்தை பேப்பர் அனுப்புவாங்கல்ல, கன்கஷன், ஹார்ட்டு, அது இதுன்னு, நானும் சமையல் பண்ணிக்கிட்டே ஒவ்வொண்ணா கையெழுத்து போட்டுட்டே வந்தேன், நடுவுல ஒண்ணு ஸ்டீராய்டுக்கு ரேண்டம் டெஸ்ட் பண்ண சம்மதம்னு இருந்துச்சு. நானும் போடணுமாம், அவனும் போடணுமாம். சரி எல்லாருக்கும் வர்றதுதானேன்னு நினைச்சேன்.

அதே வாரம் துவைக்கறதுக்காக அவன் ஜிம் பேக்கை கொட்டுனா உள்ள ஒரு கருப்பு டப்பா, பாதி காலி. ப்ரீ ஒர்க்அவுட்டாம், எக்சர்சைஸுக்கு முன்னாடி கலக்கி குடிக்கற பவுடர். பின்னாடி "ப்ரொப்ரைட்டரி ப்ளெண்ட்"னு போட்டு பத்து பதினஞ்சு பேரு இருக்கு, எது எவ்வளவுன்னு மட்டும் இல்ல. கேட்டா டீம்ல ஒரு சீனியர் குடுத்தானாம், "அது காபி மாதிரிதாம்மா, எல்லாரும் குடிக்கிறாங்க"ங்கறான். இவரு என்னடான்னா நம்ம பையனாவது ஸ்டீராய்டாவதுன்னு சிரிக்கிறாரு.

கையெழுத்து போடலைன்னா என்ன ஆகும்? இந்த பவுடரால டெஸ்ட்ல மாட்டுவானா? அவனுக்கு ஆஸ்துமா, இன்ஹேலர் எடுக்கறான், அதுலயும் ஸ்டீராய்டு இருக்குன்னு டாக்டர் சொன்னதா ஞாபகம், அதுவும் பயமா இருக்கு. தெரிஞ்சவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

மேட்சைடு_அப்பா:
சிஸ்டர், கையெழுத்து போடலைன்னா பையன் விளையாட முடியாது, அவ்வளவுதான். அந்த ஃபார்மை இன்னொரு தடவ நிதானமா படிச்சு பாருங்க, கதை முழுசா அதுலயே இருக்கு. 2005 டிசம்பர்ல அப்ப கவர்னரா இருந்த ரிச்சர்ட் கோடி போட்ட ஆர்டர், 2006 ஃபால் சீசன்ல இருந்து அமல், மாநில அளவுல ஸ்கூல் பசங்களுக்கு இந்த டெஸ்டை மொதல்ல கொண்டு வந்தது நம்ம ஜெர்சிதான். எல்லாரையும் பிடிச்சு டெஸ்ட் பண்றது இல்ல, ஸ்டேட் சாம்பியன்ஷிப்புக்கு தகுதி ஆகுற டீம், தனி ஆளுங்க, அதுல இருந்து ரேண்டமா சில பேர். ரிசல்ட் பையனுக்கு, உங்களுக்கு, ஸ்கூலுக்கு, இந்த மூணு பேரைத் தவிர யாருக்கும் போகாது.

ஆனா மாட்டுனா சின்ன விஷயம் இல்லைங்க. டெஸ்ட் எடுத்த தேதில இருந்து ஒரு வருஷம் ஆட முடியாது, திரும்ப வரணும்னா கவுன்சலிங் போயிட்டு இன்னொரு டெஸ்ட்ல கிளீன்னு வரணும். டெஸ்டுக்கு வர மாட்டேன்னு சொன்னாலும் அதே ஒரு வருஷம்தான். பவுடர்ல கலந்திருந்துச்சு எனக்குத் தெரியாதுங்கற பேச்செல்லாம் எடுபடாது, சப்ளிமெண்ட் எடுத்தா அது உங்க சொந்த ரிஸ்க்னு ஃபார்மோட வர்ற தடை பொருள் லிஸ்ட்லயே போட்டிருப்பாங்க.

இன்னொண்ணு, ரெஸ்லிங்ல சீசன் ஆரம்பத்துலயும் ஒரு யூரின் டெஸ்ட் இருக்கும், அதைப் பார்த்துட்டு நீங்க பதற வேண்டாம். அது வெயிட் கிளாஸுக்காக, எந்த எடைப் பிரிவுல மோதலாம்னு முடிவு பண்ண. உடம்புல தண்ணி சரியா இருக்கான்னு பார்ப்பாங்க, ஸ்பெசிஃபிக் கிராவிட்டி, அதாவது யூரின் எவ்வளவு கெட்டியா இருக்குங்கற அளவு, 1.025 தாண்டக்கூடாது, பையனுக்கு கொழுப்பு 7 சதவீதத்துக்கு கீழ போற அளவுக்கு வெயிட் இறக்க விடமாட்டாங்க. என் பெரியவன் வெயிட்டை இறக்கணும்னு அன்னைக்கு காலைல வரைக்கும் எச்சில் துப்பி துப்பி ஒரு பாட்டிலை நிரப்பிட்டு டெஸ்ட்ல ஃபெயிலாகி வந்து நின்னான், அந்த மூஞ்சிய இன்னும் மறக்கல. இதை ஏன் சொல்றேன்னா, வெயிட் இறக்க யாராவது தண்ணி மாத்திரை குடுத்தா அதுவும் தடை லிஸ்ட்ல இருக்கு. டையூரடிக்னு பேரு, உடம்புல இருக்கற தண்ணிய யூரினா வெளியேத்தறது. பசங்க ஸ்டீராய்டுன்னா ஊசின்னு நினைக்கிறாங்க, இது வீட்ல தாத்தாவோட பிரஷர் மாத்திரை டப்பாலயே இருக்கும்.

டெக்சாஸ்_மாமா:
நான் கொஞ்சம் வேற மாதிரி சொல்றேன், கோச்சுக்காதீங்க. இந்த டெஸ்ட் எல்லாம் கண்துடைப்பு. எங்க ஊர்ல 2007-ல சட்டம் போட்டு வருஷத்துக்கு 30 லட்சம் டாலர்னு ஒதுக்கி தடபுடலா ஆரம்பிச்சாங்க, கிளாஸ்ல இருந்து பசங்களை கூட்டிட்டு போய் கப்பை கையில குடுப்பாங்க, என் அக்கா பையன் பதட்டத்துல மூணு பாட்டில் தண்ணி குடிச்சும் வராம ரெண்டு பீரியட் உக்காந்திருந்தான். மொத்தம் 60,000-த்துக்கு மேல டெஸ்ட், மாட்டுனது 200 பேர் கூட இல்ல. பணத்தை குறைச்சு குறைச்சு கடைசில 2015-ல மூடிட்டாங்க. ஃப்ளோரிடா அதுக்கு முன்னாடியே விட்டுட்டாங்க.

அப்ப பசங்க யாரும் எடுக்கலைன்னு அர்த்தமான்னு கேட்டா எனக்கு நம்பிக்கை இல்ல. எடுக்கறவன் ஆஃப் சீசன்ல எடுத்துட்டு சீசனுக்கு முன்னாடி நிறுத்திடுவான். சில மாத்திரை எல்லாம் சில வாரத்துல உடம்பை விட்டு போயிடும். சாம்பியன்ஷிப் நேரத்துல மட்டும் வலை போட்டா என்ன மீன் மாட்டும்?

ஆனா டெஸ்ட் வேஸ்டுன்னா விஷயமும் வேஸ்டுன்னு எடுத்துக்காதீங்க மேடம். எங்க பக்கம் பிளேனோல 2003-ல 17 வயசு பேஸ்பால் பையன் ஒருத்தன் தற்கொலை பண்ணிக்கிட்டான், ஸ்டீராய்டை நிறுத்துனதுக்கு அப்புறம் வந்த டிப்ரஷன்தான் காரணம்னு அவங்க அப்பா 2005-ல அமெரிக்க பார்லிமெண்ட், அதான் காங்கிரஸ், முன்னாடி போய் சொன்னாரு. டெக்சாஸ்ல டெஸ்ட் வந்ததே அந்த குடும்பம் விடாம அலைஞ்சதுனாலதான். சார் சிரிக்கிறார்னு சொன்னீங்கல்ல, அவர்கிட்ட இதை மட்டும் சொல்லுங்க.

மருந்துக்கடை_மீனா:
பார்மசிஸ்டா வேலை பார்க்கறேன். முதல்ல இன்ஹேலர். அதுல இருக்கறது கார்ட்டிகோஸ்டீராய்டு, வீக்கத்தை குறைக்கறது. சதை வளர்க்கறது அனபாலிக் ஸ்டீராய்டு, டெஸ்டோஸ்டீரோன் குடும்பம். பேர்ல மட்டும்தான் சொந்தம். டாக்டர் எழுதிக் குடுத்த சீட்டு ஒரு காப்பி ஸ்கூல் நர்ஸ்கிட்ட குடுத்து வைங்க, வியாதிக்கு டாக்டர் எழுதிக் குடுத்த மருந்துக்கு அந்த ரூல்லயே விலக்கு இருக்கு. இதுக்கு பயந்துக்கிட்டு இன்ஹேலரை மட்டும் நிறுத்திடாதீங்க.

டப்பாதான் எனக்கு கவலை. அமெரிக்கால 1994 சட்டப்படி சப்ளிமெண்ட் விக்கறதுக்கு முன்னாடி எஃப்டிஏகிட்ட, அதாவது உணவு, மருந்தை கண்காணிக்கற அரசு அமைப்புகிட்ட, அனுமதி வாங்க வேண்டியது இல்ல, பிரச்சனைன்னு வந்தாதான் அவங்க கை வைப்பாங்க. லேபிள்ல இருக்கறது உள்ள இருக்கணும்னு கட்டாயம் இருந்தாலும் யாரு பார்க்கறா? சார்ம்ஸ்னு ஒண்ணு இருக்கு, அனபாலிக் ஸ்டீராய்டு மாதிரியே சதை வளர்க்கற மருந்து. 2017-ல அந்த பேரை சொல்லி ஆன்லைன்ல வித்த 44 பொருளை வாங்கி லேப்ல பார்த்தாங்க, 23-ல தான் அந்த சரக்கே இருந்துச்சு, லேபிள்ல போட்ட அளவு சரியா இருந்தது 18 மட்டும். இந்த சார்ம்ஸ்தான் இப்ப பசங்க கிட்ட ஓடுது, ஆஸ்டரீன், லிகாண்ட்ரால், இந்த மாதிரி பேரு, சொட்டு மருந்து பாட்டில்ல வரும், மேல "ஆராய்ச்சிக்கு மட்டும், மனிதர் உட்கொள்ள அல்ல"ன்னு எழுதியிருக்கும், எழுதிட்டு ஃப்ளேவர் வேற போட்டிருப்பான்!

16 வயசுல இதோட பிரச்சனை பெரியவங்களுக்கு வர்ற மாதிரி இல்லங்க. டெஸ்டோஸ்டீரோன் ஏறுனா அதுல ஒரு பங்கு ஈஸ்ட்ரோஜனா மாறும், அது எலும்போட நுனில வளர்ச்சி நடக்கற இடத்தை சீக்கிரம் மூடிடும், அப்புறம் உயரம் அங்கயே நின்னுடும், திரும்ப வராது. பையனுக்கு மார்பு வீங்கறது, முதுகு முழுக்க பரு, திடீர்னு எரிஞ்சு விழறது, இதெல்லாம் தென்பட்டா கேளுங்க. பொண்ணுங்க எடுத்தா குரல் தடிச்சு போயிடும், நிறுத்துனாலும் பழைய குரல் வராது.

கிரியாட்டின்னு பசங்க பலத்துக்கு எடுக்கற பவுடரைப் பத்தி அடுத்து கேப்பான், பாருங்க. அது தடை லிஸ்ட்ல இல்ல. ஆனா எதை வாங்குனாலும் "என்எஸ்எஃப் சர்ட்டிஃபைட் ஃபார் ஸ்போர்ட்" முத்திரை இருக்கறதா பாருங்க, தடை பொருள் இருக்கான்னு டெஸ்ட் பண்ணிட்டு குடுக்கறது. ப்ரொப்ரைட்டரி ப்ளெண்ட்னு போட்டு அளவை மறைக்கறவன் டப்பாவை குப்பைல போடுங்க. ஆஸ்துமா பையனுக்கு அளவு தெரியாத கஃபீன் வேறயா?

ஜெர்சி_அம்மா:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. நேத்து நைட்டு அவனை உக்கார வச்சு, திட்டாம, டப்பாவையும் தடை லிஸ்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சு ஒவ்வொரு பேரா அவனையே படிக்க சொன்னேன். மொத நாலஞ்சு பேருக்கு கண்ணை உருட்டுனான். ஒரு பேரு லிஸ்ட்லயும் இருந்துச்சு, ஏதோ ஸ்டிமுலண்ட்டாம், அதுக்கு மேல படிக்கல. டப்பாவை அவனே எடுத்துட்டு போய் சிங்க்ல கொட்டுனான், சிங்க் பூரா நீலமா ஆயிடுச்சு, அது வேற வேலை எனக்கு.

உயரம் நின்னுடும்னு மீனா சொன்னதைத்தான் ரெண்டு தடவ கேட்டான். ஒரு வருஷம் ஆட முடியாதுங்கறதை கேட்டு கூட அவ்வளவு பயப்படல.

மீனா மேடம், ஒண்ணே ஒண்ணு. நீங்க சொன்ன சொட்டு பாட்டில் அந்த சீனியர் லாக்கர்ல இருக்காம். இவனா பேச்சுவாக்குல சொன்னான், அப்புறம் வாயை மூடிக்கிட்டான். கோச்கிட்ட சொல்றதா, அந்த பையன் அம்மாகிட்ட பேசறதா? அவங்களை எனக்கு நல்லா தெரியும், ஆனா நம்ம ஆளுங்க இல்ல.

மேட்சைடு_அப்பா:
அம்மாவுக்கு போன் பண்ணுங்க சிஸ்டர், இன்னைக்கே. கோச்கிட்ட போனா அது கேஸ் ஆயிடும், வச்சிருந்தாலே ரூல்ல குத்தம்தான். உங்க பையன் பேரை மட்டும் எடுக்காதீங்க.

மருந்துக்கடை_மீனா:
அதேதான் நானும் சொல்வேன். கூடவே ஒண்ணு சொல்லிடுங்க, கையில பாட்டில் கிடைச்சதும் திட்டி பிடுங்கி போட்டுட்டு விட்டுடக்கூடாது, பல வாரமா எடுத்திருந்தான்னா நேரா டாக்டர்கிட்ட கூட்டிட்டு போகணும், லிவருக்கும் ஹார்மோனுக்கும் ரத்தம் டெஸ்ட் பண்ணணும். நிறுத்துன அடுத்த சில வாரம்தான் மனசு ரொம்ப கீழ போகும், அப்ப அவனை தனியா விடக்கூடாது.