மழையில் நனைந்த ஹைட்ரோ டிரம் சூடாக இருக்கிறது, உடனே உதவி வேண்டும்

குடோன்_ஈரோடு | காலை 8:40

வணக்கம். ஈரோடு பக்கம் சாயப்பட்டறைகளுக்குக் கெமிக்கல் சப்ளை செய்யும் ஒரு சின்ன குடோனில் ஆறு மாதமாகப் பொறுப்பாளராக இருக்கிறேன். அதற்கு முன் நூல் குடோனில்தான் வேலை, கெமிக்கல் எனக்குப் புதிது.

நேற்று ராத்திரி மழையில் தகரக் கூரை ஓரம் ஒழுகி, ஹைட்ரோ (சாயப்பட்டறைக்குப் போகும் சோடியம் ஹைட்ரோசல்பைட் தூள்) அடுக்கியிருந்த மூலையில் தண்ணீர் தேங்கிவிட்டது. 50 கிலோ டிரம் மொத்தம் 18. அதில் ஒன்றைப் போன வாரம் சில்லறைக்கு எடுக்கத் திறந்தோம். திரும்பப் பூட்டும்போது வளையம் சரியாக உட்காரவில்லை. இன்று காலை அந்த டிரம்மைத் தொட்டால் டீ டம்ளரைத் தொட்ட மாதிரி சூடு. பக்கத்தில் போனால் தீக்குச்சி உரசிய வாசம், தொண்டை கரகரக்கிறது. மற்ற 17-ம் குளிர்ச்சியாகத்தான் இருக்கின்றன.

திறந்து பார்க்கலாமா? தண்ணீர் தெளித்து ஆற்றலாமா? இரண்டு ஏபிசி பவுடர் சிலிண்டர் இருக்கிறது, அது போதுமா? மூன்றடி தள்ளிப் பெராக்சைடு கேன்கள் மரப் பேலட் மேல் இருக்கின்றன. முதலாளி வெளியூரில். லோடுமேன்கள் நான்கு பேர் உள்ளே வேலையில் இருக்கிறார்கள்.

சேஃப்டி_மேட்டூர் | காலை 8:46

தம்பி, முதலில் அந்த நான்கு பேரையும் வெளியே கூப்பிடுங்கள். மீதியை வெளியே நின்று படியுங்கள்.

திறக்கவே திறக்காதீர்கள். உருட்டாதீர்கள். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்து, குடோனைப் பார்த்து நின்றால் காற்று உங்கள் முதுகில் அடிக்கிற பக்கம் தள்ளி நில்லுங்கள். 101 அல்லது 112-க்கு அடித்து, "கெமிக்கல் குடோன்" என்று மட்டும் சொல்லாமல் "சோடியம் ஹைட்ரோசல்பைட் டிரம் சூடாகிறது, பக்கத்தில் ஹைட்ரஜன் பெராக்சைடு இருக்கிறது" என்று பெயரோடு சொல்லுங்கள். எத்தனை டிரம், எத்தனை கேன் என்பதையும் சொல்லுங்கள். டிரம்மில் எழுதியிருக்கும் ஐ.நா. எண் (ஆபத்தான சரக்கை அடையாளம் காட்டும் எண்) 1384, அதைக் கட்டாயம் சொல்லுங்கள்.

தொண்டை கரகரப்பது கந்தக டை ஆக்சைடு வாயுவால். யாருக்காவது மூச்சு இறுக்கினால் தாமதிக்காமல் 108. பேசிவிட்டு இங்கே ஒரு வரி போடுங்கள்.

பனியன்_நகரம் | காலை 8:52

ஹைட்ரோவில் தண்ணீர் பட்டால் தீப்பிடிக்கும். அதனால் தண்ணீர் பக்கமே போகாதீர்கள், உலர்ந்த மணலைக் கொட்டி மூடிவிடுங்கள். எங்கள் பட்டறையில் எப்போதும் மணல் வாளிதான் வைத்திருக்கிறோம்.

சேஃப்டி_மேட்டூர் | காலை 8:58

அண்ணா, நல்ல மனதோடு சொல்கிறீர்கள், ஆனால் இந்த ஒரு பொருளில் மணல் கைகொடுக்காது. எண்ணெய்த் தீயை மணல் அணைப்பது காற்றை அடைப்பதால். ஹைட்ரோ சிதைவதற்கு வெளிக்காற்று தேவையில்லை. மேலே மூடினால் சூடு உள்ளேயே தங்கி இன்னும் வேகமெடுக்கும். பவுடர் சிலிண்டரும் கார்பன் டை ஆக்சைடும் உதவாததும் இதனால்தான்.

தண்ணீர் விஷயத்தில் அளவுதான் எல்லாம். ஒரு குடம், ஒரு வாளி, கூரை ஒழுகல், இதெல்லாம் சூட்டைக் கிளப்பிவிடும். தீயணைப்புக் குழாயில் வெள்ளமாகப் பாய்ச்சினால் அதே தண்ணீர் சூட்டை வாரிக்கொண்டு போய்விடும். வட அமெரிக்கத் தீயணைப்பு வீரர்கள் வைத்திருக்கும் அவசரகாலக் கையேடும் 1384-க்கு ஏராளமான தண்ணீர் என்றுதான் சொல்கிறது. அதைச் செய்ய வேண்டியது மூச்சுக் கருவி போட்ட தீயணைப்பு ஆட்கள். குடோன் ஆட்கள் பக்கெட்டோடு போகக்கூடாது.

குடோன்_ஈரோடு | காலை 9:03

எல்லோரையும் ரோட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். 101-ல் பேசினேன், நீங்கள் சொன்ன மாதிரியே பெயரும் எண்ணும் சொன்னேன். மெயின் சுவிட்சு வெளியே இருப்பதால் அணைத்துவிட்டேன். ஜன்னல் வழியாக லேசாக வெள்ளைப் புகை தெரிகிறது. கை நடுங்குகிறது.

சேஃப்டி_மேட்டூர் | காலை 9:05

நடுங்கட்டும், வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கிறீர்கள். உள்ளே போய்ப் பெராக்சைடை நகர்த்தலாம் என்று யாராவது கிளம்பினால் கையைப் பிடித்து நிறுத்துங்கள். வண்டி வந்ததும் எது எங்கே இருக்கிறது என்று ஒரு தாளில் படம் போட்டுக் கொடுங்கள். ஆசிட், ஹைப்போ (சோடியம் ஹைப்போகுளோரைட்) எந்த மூலையில் இருக்கிறது என்பதும் அதில் இருக்க வேண்டும்.

குடோன்_ஈரோடு | மதியம் 1:20

முடிந்தது. யாருக்கும் ஒன்றும் இல்லை. கடவுளுக்கும் உங்களுக்கும் நன்றி.

வீரர்கள் மூச்சுக் கருவி போட்டுக்கொண்டு டிராலியில் அந்த டிரம்மை மட்டும் பின்பக்கத் திறந்த இடத்துக்கு இழுத்து வந்து, தூரத்திலிருந்து தண்ணீர் பாய்ச்சினார்கள். முதலில் புகை குபுகுபுவென்று கிளம்பியது, பத்து நிமிடத்தில் அடங்கியது. டிரம்மின் வெளிப் பெயின்ட் ஒரு கை அகலத்துக்குப் பொரிந்து, அப்பளம் மாதிரி எழும்பியிருக்கிறது. உள்ளே வெள்ளைத் தூள் மஞ்சள் கட்டியாகிவிட்டது.

நிலைய அலுவலர் முதலில் கேட்டது "இந்தத் தண்ணீர் எங்கே ஓடும்?" என்றுதான். வாய்க்கால் பக்கம் மணல் மூட்டை போட்டுத் தடுத்தோம். கையில் இருந்த சோடா சாம்பலைத் தூவச் சொன்னார்.

இப்போது என் பெரிய சந்தேகத்துக்கு வருகிறேன். இந்தக் குடோனை நான் எப்படி அடுக்க வேண்டும்? இதுவரை எது அதிகம் போகிறதோ அதை வாசல் பக்கம், மெதுவாகப் போவதை உள்ளே என்றுதான் வைத்தேன். நூல் குடோனில் அதுதான் பழக்கம். இருப்பில் உள்ளவை: ஹைட்ரோ, 50 சதவீதப் பெராக்சைடு, காஸ்டிக் ஃப்ளேக்ஸ், அசிட்டிக் ஆசிட், ஹைட்ரோகுளோரிக் ஆசிட், சோடியம் ஹைப்போகுளோரைட், உப்பு, சோப்பு ஆயில்.

சேஃப்டி_மேட்டூர் | மதியம் 2:45

இனி நிதானமாகப் பேசலாம்.

கெமிக்கல் குடோனில் ஒரு சரக்கு எவ்வளவு ஆபத்தானது என்று கேட்பதற்கு முன், அதற்குப் பக்கத்து வீட்டுக்காரர் யார் என்று கேளுங்கள். உங்கள் பட்டியலில் இருக்கிற ஒவ்வொன்றையும் தனியாக வைத்தால் நிர்வகித்துவிடலாம். தப்பான ஜோடி சேர்ந்தால்தான் ஆள் சாகிறார்.

ஹைப்போவும் ஹைட்ரோகுளோரிக் ஆசிடும் கலந்தால் குளோரின் வாயு. இந்த இரண்டுக்கும் ஒரே தரை, ஒரே வடிகால் கூடாது. தனித்தனியாக வைத்துவிட்டு இரண்டின் கசிவும் ஒரே சாக்கடைக்குப் போகிற குடோன்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஹைட்ரோவுக்கும் ஆசிட் ஆகாது, கந்தக டை ஆக்சைடைக் கிளப்பும். ஹைட்ரோ ஒடுக்கி, பெராக்சைடு ஆக்சிஜனேற்றி. ஒன்று ஆக்சிஜனைப் பிடுங்கும், இன்னொன்று கொடுக்கும். அந்த இரண்டையும் மூன்றடியில் வைத்திருந்தீர்கள் என்பதுதான் எனக்குக் காலையில் வயிற்றைக் கலக்கியது. அசிட்டிக் ஆசிட் வெறும் அரிக்கும் பொருள் இல்லை. அடர் அசிட்டிக்கின் தீப்பற்று வெப்பநிலை (பொறி பட்டால் அதன் ஆவி பற்றிக்கொள்ளும் சூடு) சுமார் 39 டிகிரிதான், ஈரோட்டுச் சித்திரை வெயிலில் சாதாரணமாக வருகிற சூடு அது. பெராக்சைடோடு சேர்ந்தால் பெரசிட்டிக் ஆசிட் ஆகும், அது இன்னொரு தலைவலி. காஸ்டிக் ஈரத்தை இழுத்துத் தானும் சூடாகும், அதற்கும் ஆசிடுக்கும் நடுவில் சுவர் வேண்டும்.

ஆகவே ஹைட்ரோவுக்கு ஒழுகாத, தரையிலிருந்து உயர்ந்த தனி அறை. பெராக்சைடுக்கு எதிர்க்கோடியில் நிழலான, காற்றோட்டமான இடம். ஆசிடுகள் ஒரு பக்கம், காஸ்டிக்கும் ஹைப்போவும் வேறு பக்கம், ஒவ்வொன்றுக்கும் தனித் தடுப்புக் கரை. சோப்பு ஆயிலையும் அட்டைப் பெட்டியையும் பெராக்சைடு பக்கம் கொண்டுபோகவே கூடாது. உப்பை எங்கே வேண்டுமானாலும் வையுங்கள், நடுவில் சுவர் மாதிரி அடுக்கினால்கூட நல்லதுதான்.

எம்எஸ்டிஎஸ் தாளில் (ஒவ்வொரு கெமிக்கலுக்கும் வரும் பாதுகாப்புத் தகவல் தாள்) 7-ஆம் பகுதி சேமிப்பு, 10-ஆம் பகுதி எதோடு ஆகாது என்பது. அந்த இரண்டை மட்டும் தமிழில் எழுதி அந்தந்த இடத்திலேயே ஒட்டுங்கள். ஆங்கிலத் தாள் அலுவலக ஃபைலில் தூங்கினால் லோடுமேனுக்கு எப்படித் தெரியும்?

தண்ணீர் விஷயத்தில் பொதுவிதி எதையும் நம்பாதீர்கள். 2015 ஆகஸ்ட் 12-ல் சீனாவின் தியான்ஜின் துறைமுகக் கிடங்கில் தீ தொடங்கியது நைட்ரோசெல்லுலோஸ் காய்ந்துபோனதால். அதை ஈரமாகவே வைத்திருக்க வேண்டும். அந்தத் தீ அம்மோனியம் நைட்ரேட்டுக்குப் பரவி வெடித்தது, இறந்தவர்களும் காணாமல் போனவர்களுமாக 173 பேர். அந்தச் சரக்குக்கு ஈரம் காவல். உங்கள் ஹைட்ரோவுக்கு ஈரம் எமன்.

சாயக்காரர் | மாலை 4:10

பெராக்சைடு பற்றிக் கொஞ்சம் சேர்க்கிறேன், 20 வருடமாக அதோடு பழக்கம். மரப் பேலட்டை இன்றே மாற்றிவிடுங்கள். கேன் கசிந்து மரத்தில் ஊறி, தண்ணீர் ஆவியாகி அடர்த்தி ஏறினால் மரம் தானாகவே பற்றும். பிளாஸ்டிக் பேலட் போடுங்கள். துருப்பிடித்த இரும்பு, செம்பு, தூசி எது உள்ளே விழுந்தாலும் அது சிதைந்து ஆக்சிஜனை விடும். 50 சதவீதப் பெராக்சைடு ஒரு லிட்டர் முழுதும் சிதைந்தால் ஏறக்குறைய 200 லிட்டர் ஆக்சிஜன் வரும். அதனால்தான் கேன் மூடியில் சின்னத் துளை விட்டிருக்கிறார்கள். வெளியே எடுத்த பெராக்சைடை எக்காரணம் கொண்டும் திரும்பக் கேனில் ஊற்றாதீர்கள்.

வங்கதேசத்தில் சிட்டகாங் பக்கம் சீதாகுண்டாவில் 2022 ஜூன் 4 அன்று கன்டெய்னர் டிப்போ வெடித்ததைப் படித்திருப்பீர்கள். உள்ளே பெராக்சைடு. சுமார் 50 பேர் போனார்கள், அதில் தீயணைப்பு வீரர்களும் உண்டு. உள்ளே என்ன இருக்கிறது என்று அவர்களுக்குச் சரியாகச் சொல்லப்படவில்லை. காலையில் நீங்கள் போனில் பெயரைச் சொன்னதும் தாளில் படம் போட்டுக் கொடுத்ததும் எவ்வளவு பெரிய காரியம் என்று இப்போது புரியும்.

குடோன்_ஈரோடு | மாலை 5:30

சாயக்காரர் அண்ணா, உங்கள் பதிவைப் படித்துவிட்டு எழுந்துபோய்ப் பார்த்தேன். மூன்று கேன்களின் மூடித் துளையில் பிரவுன் டேப் ஒட்டியிருக்கிறது! வண்டியில் போகும்போது சொட்டுகிறது என்று லோடுமேன் ஒட்டியிருக்கிறார். ஒரு கேன் வயிறு உப்பியிருக்கிறது. என்ன செய்யட்டும்?

சாயக்காரர் | மாலை 5:34

உப்பிய கேனை நீங்கள் தொடாதீர்கள். அது சூடாக இருந்தாலோ, வளர்ந்துகொண்டே போனாலோ மறுபடி 101. காலையில் வந்த நிலையத்துக்கே இப்போதே போன் போட்டுச் சொல்லுங்கள், சப்ளையரின் அவசர எண்ணும் லேபிளில் இருக்கும். மற்ற இரண்டும் அதன் பக்கத்தில்தானே இருக்கும், அவர்கள் வரும்வரை அவற்றையும் விட்டுவிடுங்கள்.

லாரி_செட் | இரவு 8:15

சொட்டுகிற பிரச்சினை வண்டியில் படுக்கப் போடுவதால் வருகிறது. பெராக்சைடு கேன் நின்றபடிதான் பயணம் செய்ய வேண்டும், துளை மேலே. கயிறு கட்டி, ஓர வரிசைக்குத் தடுப்பு வைத்தால் சொட்டாது.

டெலிவரியிலும் பக்கத்து வீட்டுக்காரர் கணக்கு அப்படியே பொருந்தும். ஒரு பட்டறைக்கு ஹைட்ரோ, பெராக்சைடு, ஆசிட் மூன்றும் வேண்டும் என்றால் ஒரே குட்டியானையில் ஏற்றி அனுப்புவதுதான் நம் ஊரில் வழக்கம். டீசல் மிச்சம் என்பார்கள். இரண்டு நடையாக அனுப்புங்கள், முதலாளியிடம் நான் வேண்டுமானாலும் பேசுகிறேன். 1989 மோட்டார் வாகன விதிகளின்படி ஆபத்தான சரக்கு ஓட்டும் டிரைவருக்கு 3 நாள் பயிற்சியும் லைசென்ஸில் அதற்கான பதிவும் வேண்டும். வண்டியில் அவசரத் தகவல் பலகையும், டிரைவர் கையில் சரக்குக்கான ட்ரெம் கார்டும் (வழியில் விபத்து என்றால் என்ன செய்வது என்று சொல்லும் அட்டை) இருக்க வேண்டும். அந்தக் கார்டு அவருக்குப் புரிகிற மொழியில் இருக்கிறதா என்று வாசித்துக் காட்டச் சொல்லிப் பாருங்கள். என் தம்பி வண்டியில் ஒருமுறை ஆசிட் கேன் உடைந்தபோது அவன் கையில் இருந்தது வெறும் பில்தான். முழங்கைத் தழும்பு இன்னும் இருக்கிறது.

குடோன்_ஈரோடு | ஒன்பது நாள் கழித்து

எல்லோருக்கும் நிலவரம் சொல்லிவிடுகிறேன். அன்று மாலையே வீரர்கள் திரும்ப வந்து, உப்பிய கேனைத் தூரத்திலிருந்து நனைத்து ஆறவிட்டு, காற்றை மெல்ல வெளியேற்றினார்கள். மற்ற இரண்டு கேன்களின் டேப்பையும் அவர்களே பிரித்தார்கள். மூன்றையும் சப்ளையர் எடுத்துக்கொண்டார். மஞ்சள் கட்டியான ஹைட்ரோ கும்மிடிப்பூண்டியில் உள்ள அபாயக் கழிவு மையத்துக்குப் போக ஏற்பாடாகியிருக்கிறது.

முதலாளி வந்து கூரைத் தகடு மாற்றினார். ஹைட்ரோவுக்குப் பக்கத்து வாட்ச்மேன் அறையைக் காலி செய்துகொடுத்தார், வாட்ச்மேனுக்கு முன்பக்கம் இடம். சில்லறைக்கு டிரம் திறப்பதை நிறுத்திவிட்டோம், முழு டிரம் வேண்டாம் என்பவர்களை வேறு கடைக்கு அனுப்புகிறோம். இரண்டு வாடிக்கையாளர் கோபித்துக்கொண்டார்கள்.

டேப் ஒட்டிய லோடுமேனை யாரும் திட்டவில்லை. துளை எதற்கு என்று அவருக்கு யாரும் சொன்னதே இல்லை. இப்போது தமிழ்ப் பலகை எழுதுவது அவர்தான், கையெழுத்து அழகாக இருக்கிறது. பெராக்சைடு பலகையில் முதல் வரி: "மூடித் துளையை அடைக்காதே."

ஒரே ஒரு சந்தேகம் பாக்கி. ஹைப்போவுக்கும் ஆசிடுக்கும் தனி வடிகால் வெட்ட இடமில்லை. தரையில் கரை கட்டி, கசிவை உள்ளேயே பிடித்து வைத்தால் போதுமா?

சேஃப்டி_மேட்டூர் | அதே நாள் இரவு

போதும் தம்பி, ஆனால் கரைக்குள் இருப்பதிலேயே பெரிய கேன் முழுதாக உடைந்தாலும் வழியாத கொள்ளளவும், அதற்கு மேல் ஒரு பத்து சதவீதமும் பிடிக்க வேண்டும். ஆசிட் பக்கம் ஆசிட் தாங்கும் பூச்சு பூசுங்கள், வெறும் சிமென்ட்டை அது தின்றுவிடும். உள்ளே தேங்குவதை எடுக்க இரண்டு கரைக்கும் வேறு வேறு வாளி, வேறு வேறு நிறம்.