அடிபட்ட குதிரையைக் கட்டிப்போட்டுப் பழக்கலாமா?

வெண்பிடரி:
எட்டு வயதுப் பெண் குதிரை. முன்பு இருந்த இடத்தில் சாட்டையடி பட்டது. என்னிடம் வந்து மூன்று மாதம். தீவனத்துக்கு வருகிறது, தலைக்கயிற்றைப் பார்த்தால் மூலைக்கு ஓடுகிறது. குளம்பு வேறு வளர்ந்துகொண்டே போகிறது. என்ன செய்யலாம்?

லாடக்காரன்:
கெஞ்சியது போதும். குறுகிய இடத்தில் மடக்கி, கயிற்றை மாட்டி, கம்பத்தில் கட்டுங்கள். கொஞ்ச நேரம் துள்ளிவிட்டு நின்றுவிடும். அப்புறம் உடம்பு முழுக்கத் தடவிக் கொடுங்கள். இருபது வருடமாகக் குளம்பு வெட்டுகிறேன், இப்படிப் பழகிய குதிரைகளை நிறையப் பார்த்துவிட்டேன்.

மெல்லடி:
அண்ணா, 'நின்றுவிடும்' என்கிறீர்களே, அதில்தான் எனக்கு உடன்பாடில்லை. பயம் தெளிந்து நிற்பது வேறு, தப்ப வழியில்லாமல் நிற்பது வேறு. என் குதிரையையும் இப்படித்தான் கட்டினார்கள், நானும் சும்மா பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு வாரம் சிலை மாதிரி இருந்தது. எல்லோரும் அடங்கிவிட்டது என்றார்கள். எட்டாம் நாள் ஒரு வாளி உருண்ட சத்தத்துக்குக் கம்பத்தையே பிடுங்கிக்கொண்டு ஓடியது. கழுத்தில் அடிபட்டு, ஆற மாதக்கணக்கானது.

நிற்கும் குதிரையின் தாடை எலும்புக்கு அடியில் விரல் வைத்து நாடியை எண்ணிப் பாருங்கள். அமைதியாக இருந்தால் நிமிடத்துக்கு 28 முதல் 44 வரை இருக்கும். அசையாமல் நின்றும் அதைவிட மிக வேகமாக அடித்தால், அது அடங்கவில்லை.

லாடக்காரன்:
நாடி இருக்கட்டும். ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை வெட்ட வேண்டிய குளம்பு இது. மூன்று மாதம் போய்விட்டது. வெடித்து நொண்டினால் உங்கள் பொறுமைக்குக் குதிரைதான் விலை கொடுக்கும். உதை வாங்குவது என்னைப் போன்றவன்.

மெல்லடி:
குளம்பு விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. அதற்குக் கால்நடை மருத்துவரிடம் மயக்க ஊசி போடச் சொல்லி ஒருமுறை வெட்டிவிடலாம். பல், முதுகு, காது எங்காவது வலி இருக்கிறதா என்றும் அன்றே பார்க்கச் சொல்லுங்கள். வலியோடு இருக்கும் குதிரையை எந்தப் பழக்கமும் மாற்றாது.

மற்ற நாட்களில், வெண்பிடரி, நேர் முன்னாலோ பின்னாலோ போகாதீர்கள், நெற்றிக்கு முன்னும் வாலுக்குப் பின்னும் அதற்குக் கண் தெரியாது. தோள் பக்கமாகச் சாய்ந்து வாருங்கள். தலை தூக்கினால் நில்லுங்கள். தலை தாழ்ந்ததும் நீங்களே பின்வாங்குங்கள். அந்தப் பின்வாங்கல்தான் அதற்குப் பரிசு. பிடரி முடியும் மேட்டில் சொறிந்து கொடுங்கள். குதிரைகள் ஒன்றையொன்று அங்கேதான் சொறிந்துகொள்ளும், இதயத்துடிப்பும் தணியும். கயிறு தோளில் பட்டதும், அது விலகுவதற்கு முன் எடுத்துவிடுங்கள். பத்து நிமிடம் போதும்.

லாடக்காரன்:
ஊசி போட்டு வெட்டலாம், சரி. அடுத்த முறைக்கும் ஊசியா? எட்டு வாரத்தில் ஒரு காலையாவது தூக்கவிட வேண்டும். இல்லையென்றால் நான் சொன்ன வழிதான்.

மெல்லடி:
எட்டு வாரம் என்று என்னால் வாக்குக் கொடுக்க முடியாது, அண்ணா. இன்னொரு ஊசி தேவைப்பட்டாலும் பரவாயில்லை என்பேன்.

வெண்பிடரி:
மருத்துவரிடம் பேசிவிட்டேன், வியாழன் வருகிறார். இன்று மாலை கயிற்றைத் தோளில் வைத்து எடுத்தேன். மூன்று முறை நின்றது. நான்காம் முறை காது பின்னால் போனது. கயிற்றை மாட்டிவிட்டு வந்துவிட்டேன், ஆணியில்.