கால் லிஸ்ட் எடுக்க யாருக்கு அதிகாரம்? எல்லை டவர், கடல் டவர் குழப்பங்களும்

கேள்வி – தக்கலை வாசகசாலை

வணக்கம். எங்கள் வாசகசாலையில் வருகிற மாதம் ஒரு சட்ட வகுப்பு வைத்திருக்கிறோம். போன் பதிவுகளை அரசு பார்ப்பதும் நம் அந்தரங்கமும் என்பது தலைப்பு. குளச்சல், முட்டம் பக்கத்துக் கடல்தொழிலாளிகள், களியக்காவிளை வியாபாரிகள், மணல் எடுப்புக்கு எதிராக மனுக் கொடுத்து வருகிற ஊர்க்குழுக்காரர்கள் எல்லாம் வருவார்கள். எல்லோரும் கேட்பது இவைதான்: கால் லிஸ்ட் (யார் யாரோடு எப்போது பேசினார் என்ற பதிவு) எடுப்பதும் ஒட்டுக்கேட்பதும் ஒன்றா? யார் கையெழுத்துப் போட்டால் எடுக்கலாம்? எல்லையில் நிற்கிறவருக்குக் கேரளா டவரும், கடலில் கிடக்கிறவருக்கு ஏதோ ஒரு கரை டவரும் காட்டுகிறதே, வழக்கில் அதை எப்படி எதிர்கொள்வது? தன் பதிவு எடுக்கப்பட்டதா என்று ஒருவர் தெரிந்துகொள்ள முடியுமா? பிரிவு எண், கால அளவோடு சொன்னால் அச்சடித்துக் கொடுக்க உதவியாக இருக்கும்.

பதில் 1 – குழித்துறை வக்கீல்

இரண்டும் வேறு. வகுப்பில் முதலில் இதைத்தான் புரியவைக்க வேண்டும், ஏனென்றால் இரண்டுக்கும் சட்டம் வைத்திருக்கிற பூட்டு வேறு வேறு.

ஒட்டுக்கேட்பு என்றால் பேச்சையே கேட்பது. பழைய 1885 தந்திச் சட்டத்தில் 5(2) ஆக இருந்த அதிகாரம் இப்போது 2023 தொலைத்தொடர்புச் சட்டத்தின் 20(2). பொது நெருக்கடி அல்லது பொதுப் பாதுகாப்பு என்ற சூழல் இருந்தால்தான் இதைத் தொடவே முடியும். அதற்கு மேல் நாட்டின் பாதுகாப்பு, பொது ஒழுங்கு, குற்றம் செய்யத் தூண்டுவதைத் தடுத்தல் போன்ற காரணம் ஒன்றும் எழுத்தில் இருக்க வேண்டும். நடைமுறையை 2024 டிசம்பரில் வந்த விதிகள் சொல்கின்றன. மத்தியில் உள்துறைச் செயலர், மாநிலத்தில் மாநில உள்துறைச் செயலர் உத்தரவிட வேண்டும். ஓர் உத்தரவு 60 நாள். நீட்டித்தாலும் மொத்தம் 180 நாளைத் தாண்டக் கூடாது. அவசரம் என்று கீழ்மட்டத்தில் தொடங்கினால் 7 வேலை நாளுக்குள் செயலர் உறுதி செய்ய வேண்டும். செய்யாவிட்டால் நிறுத்த வேண்டும், கேட்டதைச் சாட்சியமாகவும் பயன்படுத்த முடியாது. மறுஆய்வுக் குழு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கூட வேண்டும். மாநிலத்தில் அதன் தலைவர் தலைமைச் செயலர். அந்தக் குழுவில் நீதிபதி ஒருவரும் இல்லை. 1996-ல் பி.யூ.சி.எல். என்ற மனித உரிமை அமைப்பு போட்ட வழக்கில் உச்ச நீதிமன்றம் போட்ட வழிகாட்டலிலிருந்து வளர்ந்த அமைப்பு இது. உத்தரவிடுவதும் அதிகாரி, சரிபார்ப்பதும் அதிகாரி என்ற குறை அன்றிலிருந்து அப்படியே இருக்கிறது.

2025 ஜூலை 2 அன்று சென்னை உயர்நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் ஒரு லஞ்ச வழக்கில் 2011-ல் போட்ட ஒட்டுக்கேட்பு உத்தரவை ரத்து செய்தார். ஒரு குற்றத்தை ரகசியமாகத் துப்பறிவது மட்டுமே பொது நெருக்கடியோ பொதுப் பாதுகாப்போ ஆகிவிடாது என்பது தீர்ப்பின் சாரம். அதற்குச் சில நாள் முன்புதான் டெல்லி உயர்நீதிமன்றம் ஓர் ஊழல் வழக்கில் இதற்கு எதிர்த்திசையில் போனது. எனவே 'சாதாரணக் கேஸில் ஒட்டுக்கேட்கவே முடியாது' என்று வகுப்பில் உறுதியாகச் சொல்லிவிடாதீர்கள்.

கால் லிஸ்ட், அதாவது சி.டி.ஆர்., பேச்சு இல்லாத பதிவு. எந்த எண், எந்த எண்ணோடு, எப்போது, எத்தனை வினாடி, எந்த டவர். இதற்குப் போலீஸ் வழக்கமாகப் பயன்படுத்துவது பி.என்.எஸ்.எஸ். என்ற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் பிரிவு 94, பழைய சி.ஆர்.பி.சி.யில் 91. நீதிமன்றமோ, காவல் நிலையப் பொறுப்பு அதிகாரியோ, விசாரணைக்குத் தேவையான ஆவணத்தைக் கொடு என்று எழுத்தில் கேட்கலாம். நீதிபதியின் முன் அனுமதி தேவையில்லை. ஆனால் ஒரு மாதக் கால் லிஸ்ட் கையில் இருந்தால் ஒருவர் எந்த டாக்டரிடம் போகிறார், யாரோடு இரவு பேசுகிறார், எந்தக் கூட்டத்துக்குப் போனார் எல்லாம் தெரிந்துவிடும். பேச்சைக் கேட்க உள்துறைச் செயலர் வேண்டும், வாழ்க்கையைப் படிக்க ஒரு கடிதம் போதும். இந்த நிலை சரியில்லை என்பது என் உறுதியான கருத்து. 2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கத்தை அடிப்படை உரிமை என்றார்கள். சட்ட ஆதாரம், நியாயமான நோக்கம், தேவைக்கு மிஞ்சாத அளவு என்ற உரைகற்களைக் கால் லிஸ்டுக்கும் வைத்து உயர்நீதிமன்ற மதுரைக் கிளையில் வாதாட இடம் இருக்கிறது.

பதில் 2 – நாஞ்சில் குமார்

வக்கீல் சார் சொன்னதில் ஒரு திருத்தம். எஸ்.பி. அந்தஸ்துக்குக் கீழே உள்ள யாரும் கம்பெனியிடம் சி.டி.ஆர். கேட்க முடியாது. ஸ்டேஷன் இன்ஸ்பெக்டர் கடிதம் கொடுத்தால் வந்துவிடும் என்று வகுப்பில் சொன்னால் ஜனங்கள் வீணாகப் பயப்படுவார்கள்.

பதில் 3 – குழித்துறை வக்கீல்

குமார் சார், நடைமுறை நீங்கள் சொல்வதுதான். 2013-ல் அப்போதைய மாநிலங்களவை எதிர்க்கட்சித் தலைவர் அருண் ஜெட்லியின் கால் லிஸ்டை எடுக்க முயன்ற விவகாரம் வெளியே வந்த பிறகு இறுக்கிய ஏற்பாடு அது. அந்தச் சம்பவத்தில் டெல்லிப் போலீஸ் கான்ஸ்டபிள் ஒருவர் ஓர் உதவி கமிஷனரின் அலுவலக மின்னஞ்சலிலிருந்து கம்பெனிக்குக் கேட்டு எழுதியிருந்தார். கம்பெனியைப் பொறுத்தவரை அதிகாரப்பூர்வ முகவரியிலிருந்து வந்த கோரிக்கை. பலவீனம் அங்கேதான்: கேட்டது யார் என்று மட்டும் பார்த்தார்கள், எந்த வழக்குக்கு என்று பார்க்கவில்லை. இப்போது எஸ்.பி. அலுவலகம் வழியாகத்தான் கோரிக்கை போகிறது. ஆனாலும் இது நிர்வாக உத்தரவு; சட்டப் பிரிவில் எஸ்.பி. என்ற சொல்லே கிடையாது. மீறினால் துறை நடவடிக்கை வரும், சாட்சியம் தானாகத் தள்ளுபடி ஆகிவிடாது. வகுப்பில் இரண்டையும் சொல்லுங்கள்.

பதில் 4 – டவர்க்காரன் மார்த்தாண்டம்

டவர் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், நம்ம கன்னியாகுமரி மாவட்டத்தில் தப்பாகப் படிக்க ரொம்ப வாய்ப்பு உள்ள பகுதி இதுதான்.

சி.டி.ஆர். தாளில் முதல் செல் ஐ.டி., கடைசி செல் ஐ.டி. என்று இரண்டு பத்தி இருக்கும். செல் என்றால் டவரின் ஓர் ஆன்டெனா சிக்னல் கொடுக்கிற பகுதி. கால் தொடங்கியபோது எந்த செல், முடிந்தபோது எந்த செல். நடுவில் எத்தனை செல் மாறினாலும் அதில் வராது. கூடவே ஐ.எம்.இ.ஐ. (போனின் அடையாள எண்), ஐ.எம்.எஸ்.ஐ. (சிம்மின் அடையாள எண்) இருக்கும். போனில் *#06# அடித்தால் வருகிற எண்தான் ஐ.எம்.இ.ஐ. சிம்மை மாற்றினாலும் போன் அதேதான் என்று பிடிப்பது இதை வைத்துத்தான்.

டவர் லொகேஷன் என்று அச்சடித்து வருவது டவர் நிற்கிற முகவரி. ஆள் நின்ற இடம் அது இல்லை. ஒரு டவரில் பெரும்பாலும் மூன்று செக்டர், ஒவ்வொன்றும் சுமார் 120 டிகிரி. எந்த செக்டர் என்று தெரிந்தால் ஆள் டவருக்கு எந்தத் திசையில் இருந்தார் என்று சொல்லலாம். எவ்வளவு தூரத்தில் என்று அந்தத் தாளை வைத்துச் சொல்ல முடியாது. மார்த்தாண்டம் பஜார் மாதிரி நெருக்கமான இடத்தில் ஒரு செல் சில நூறு மீட்டர்தான். பேச்சிப்பாறைப் பக்கம் மலைச்சரிவில் அது பல கிலோமீட்டர் போகும்.

போன் பக்கத்து டவரைத்தான் பிடிக்கும் என்று நினைப்பதும் தப்பு. சிக்னல் பலமாக வருகிற செல்லைப் பிடிக்கும். பக்கத்து டவருக்கு நடுவில் குன்று மறைத்தாலோ, அதில் நெரிசல் இருந்தாலோ, கரண்ட் போய் பேட்டரியும் இறங்கிவிட்டாலோ தூரத்து டவருக்குப் போய்விடும். ஓகிப் புயல் மாதிரி நேரத்தில் பாதி டவர் படுத்துவிட்டால் அன்றைய பதிவை வைத்து இடம் சொல்வது ரொம்ப ஆபத்து.

எல்லை விஷயம். களியக்காவிளையில் நிற்கிறவருக்குப் பாறசாலைப் பக்கத்துச் செக்டர் பலமாக வந்தால் போன் அதற்குத் தாவும். கேரளா தனித் தொலைத்தொடர்பு வட்டம் என்பதால் பதிவில் ரோமிங் என்று விழும். ரோமிங்குக்கு இப்போது தனிக் கட்டணம் இல்லாததால் ஆளுக்கே தெரியாது. செல் ஐ.டி. 404 அல்லது 405 என்று தொடங்கும், அது இந்தியா. அடுத்த இரண்டு மூன்று இலக்கம் கம்பெனியையும் வட்டத்தையும் காட்டும். ஆக, 'அன்றிரவு கேரளாவுக்குத் தப்பினார்' என்று எழுதியிருந்தால் முதலில் அந்த செல் எந்தத் திசையைப் பார்க்கிறது என்று கேளுங்கள். அதே ஆளுக்கு முந்தைய வாரங்களிலும் வீட்டில் இருக்கும்போதே அந்த செல் விழுந்திருந்தால் அந்த வாதம் அங்கேயே உடைந்துவிடும். அதனால்தான் சம்பவ நாள் மட்டும் போதாது, முன்னும் பின்னும் சேர்த்து ஒரு மாதப் பதிவு வேண்டும்.

கடல். தண்ணீருக்கு மேலே மறைப்பு இல்லாததால் சிக்னல் வெகுதூரம் போகும். 2ஜி-யில் டவருக்கும் போனுக்கும் உள்ள தூரத்தைக் கணக்கில் எடுக்கிற டைமிங் அட்வான்ஸ் 63 படி வரைதான், ஒரு படி சுமார் 550 மீட்டர், அதனால் எல்லை ஏறக்குறைய 35 கிலோமீட்டர். 4ஜி-யில் அமைப்பைப் பொறுத்து அதற்கு மேலும் போகலாம். முட்டத்துக்கு நேரே வள்ளத்தில் இருக்கிறவருக்குக் கரையோரம் தள்ளி இருக்கிற வேறு ஊர் டவர் விழுவது சாதாரணம். தாளில் அந்த ஊரின் பெயர்தான் வரும், கடல் என்று வரவே வராது. கடலுக்குப் போனதை நிரூபிக்க வேண்டுமானால் துறைமுக டோக்கன் பதிவு, வள்ளத்தில் இருக்கிற ஜி.பி.எஸ். பதிவு இவற்றை வைக்க வேண்டும்.

டவர் டம்ப் பற்றியும் சொல்லுங்கள். ஒரு குறிப்பிட்ட நேரத்தில் ஒரு டவரில் இருந்த எல்லா எண்களையும் மொத்தமாக எடுப்பது அது. தேசிய நெடுஞ்சாலை 66 ஓரத்து டவர் என்றால் பஸ்ஸில் கடந்து போனவர் எண்ணும் உள்ளே வரும். ஒரு போராட்ட நாளுக்கு இப்படி எடுத்தால் பக்கத்து வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தவரும் பட்டியலில் இருப்பார்.

பதில் 5 – தக்கலை வாசகசாலை

மிக்க நன்றி அண்ணன், இதை அப்படியே எடுத்துக்கொள்கிறோம். வாட்ஸ்அப் கால் இந்தப் பட்டியலில் வருமா? நாலாவது கேள்விக்கும் யாராவது சொல்லுங்கள். பேசும்போது 'டிக் டிக்' சத்தம் வந்தால் ஒட்டுக்கேட்பு என்று பலர் நம்புகிறார்கள்.

பதில் 6 – மனு எழுதும் மேரி

சத்தத்தை வைத்து ஒன்றும் தெரியாது. ஒட்டுக்கேட்பு கம்பெனியின் ஸ்விட்ச் மட்டத்தில் நடக்கிறது. உங்கள் கைபேசியில் அறிகுறியே இருக்காது. சத்தம் என்றால் சிக்னல் மோசம், அவ்வளவுதான். கைபேசியில் நாமே பார்க்க முடிந்தது கால் ஃபார்வர்டிங். *#21# அடித்தால் உங்கள் அழைப்பு வேறு எண்ணுக்குத் திருப்பப்பட்டிருக்கிறதா என்று காட்டும். ##002# எல்லாத் திருப்புதலையும் நீக்கும். இது மோசடிக்காரர்களுக்கு எதிரான பாதுகாப்பு, அரசுக் கண்காணிப்புக்கு அல்ல. வாட்ஸ்அப் கால் சாதாரணக் கால் லிஸ்டில் வராது. அது ஐ.பி.டி.ஆர். என்ற இன்டர்நெட் பதிவில் நேரம், ஐ.பி. முகவரி என்ற அளவில் மட்டும் தெரியும். குரூப்பில் போட்ட செய்தி வெளியே போவது பெரும்பாலும் உறுப்பினர் ஒருவரின் போன் வழியாகத்தான் என்பதை ஊர்க்குழுக்காரர்களிடம் அழுத்திச் சொல்லுங்க.

பதிவு எடுத்தால் உங்களுக்குத் தகவல் தர வேண்டும் என்று நம் சட்டத்தில் எங்கும் இல்லை. எனக்கு மிகவும் உறுத்துகிற ஓட்டை இதுதான். வழக்கு முடிந்த பிறகாவது சொல்ல வேண்டாமா? தகவல் உரிமைச் சட்டத்தில் 'என் எண்ணை எடுத்தீர்களா' என்று கேட்டால் 8(1)-ல் விசாரணை, பாதுகாப்பு விலக்குகளைக் காட்டி மறுப்பார்கள். உளவு அமைப்புகளை மாநில அரசு 24(4)-ல் அறிவிக்கை போட்டு வெளியே வைக்கலாம். ஆகவே கேள்வியை மாற்றுங்க. நாகர்கோவில் எஸ்.பி. அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு, ஒரு குறிப்பிட்ட ஆண்டில் மாவட்டத்திலிருந்து கம்பெனிகளுக்குப் போன சி.டி.ஆர். கோரிக்கைகள் எத்தனை, எஸ்.பி. மறுத்தவை எத்தனை, டவர் டம்ப் எத்தனை என்று எண்ணிக்கை மட்டும் கேளுங்க. யார் பெயரும் இல்லாததால் மறுக்கக் காரணம் குறையும். கட்டணம் 10 ரூபாய், 30 நாளில் பதில், மறுத்தால் 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, பிறகு 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம். 2023 தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை இதற்கு நம்ப வேண்டாம், பிரிவு 17(2) அறிவிக்கப்பட்ட அரசு அமைப்புகளுக்கு விலக்குக் கொடுக்கிறது.

உங்கள் பெயரில் எத்தனை சிம் என்று மத்திய அரசின் சஞ்சார் சாத்தி இணையதளத்தில் பாருங்க. உங்களுடையது இல்லாத எண்ணுக்கு 'என் எண் அல்ல' என்று கொடுங்க. வேறு யாரோ செய்த காரியத்துக்கு உங்கள் பெயர் கால் லிஸ்டில் வருவது இப்படித்தான்.

பதில் 7 – குழித்துறை வக்கீல்

மேரி அக்கா சொன்னதோடு இரண்டு விஷயம் சேர்க்கிறேன். தனியார் துப்பறிவாளர் பணத்துக்குக் கால் லிஸ்ட் வாங்கித் தருகிறேன் என்றால் அது குற்றம். 2023 தொலைத்தொடர்புச் சட்டத்தின் பிரிவு 42, கால் பதிவு, ஐ.பி. பதிவு, சந்தாதாரர் விவரம் எல்லாவற்றையும் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. 3 ஆண்டு வரை சிறை, 2 கோடி ரூபாய் வரை அபராதம். குடும்பத் தகராறில் எதிர்த்தரப்பு இப்படி ஒரு தாளைக் கொண்டு வந்தால், எங்கிருந்து வந்தது என்று எழுத்தில் கேளுங்கள்.

அடுத்தது காலம். கம்பெனிகள் இந்தப் பதிவுகளைக் குறைந்தது 2 ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்பது 2021 டிசம்பரில் மாற்றிய உரிம நிபந்தனை, அதற்கு முன் 1 ஆண்டு. அதற்குப் பிறகு அழித்துவிடலாம். உங்களைக் காப்பாற்றக்கூடிய பதிவும் அதில்தான் போகும். எனவே பொய்யாகச் சேர்க்கப்பட்டவர் விசாரணை தொடங்கட்டும் என்று காத்திருக்காமல், பி.என்.எஸ்.எஸ். பிரிவு 94-ஐக் காட்டி மாஜிஸ்திரேட்டிடம் உடனே மனுப் போட வேண்டும். மனுவில் எண், ஐ.எம்.இ.ஐ., எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, செல் ஐ.டி. பட்டியலோடு ஒவ்வொரு செல்லின் ஆன்டெனா எந்த டிகிரியைப் பார்க்கிறது என்ற விவரம், 2023-ன் புதிய சாட்சியச் சட்டம் 63(4) சான்றிதழ் எல்லாவற்றையும் கேளுங்கள். சான்றிதழில் ஹேஷ் மதிப்பு, அதாவது கோப்பின் கைரேகை மாதிரியான ஓர் எண், இருக்கும். போலீஸ் தாக்கல் செய்த கோப்பின் ஹேஷும் கம்பெனி கொடுத்ததும் ஒன்றாக இருக்கிறதா என்று ஒப்பிடுங்கள். எக்செல் கோப்பில் ஒரு வரியை நீக்கிச் சேமித்தாலும் அது மாறிவிடும். வக்கீல் வைக்க வசதி இல்லாதவர்கள் நாகர்கோவில் நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் விண்ணப்பிக்கலாம். பெண்கள், பட்டியல் சாதியினர், காவலில் இருப்பவர்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவசம்.