ஃபெர்ரிக் காலக் கதைக்கு உங்கள் நினைவுகள் தேவை

வணக்கம். 1985ஆம் ஆண்டு மலேசியாவின் பினாங்குப் பாலம் திறக்கப்படுவதற்கு முன், எதிர்க்கரையிலுள்ள பட்டர்வொர்த்திலிருந்து ஃபெர்ரியில் பினாங்குத் தீவுக்கு வந்து, ஜார்ஜ் டவுன் குயின் வீதி மகா மாரியம்மன் கோயிலருகே பூக்கட்டி விற்ற ஒரு தாயைப் பற்றிச் சிறுகதை எழுத எண்ணியுள்ளேன். இப்போது கையில் இருப்பது ஒரு காட்சி மட்டுமே: ஈரத்துணி போர்த்திய மல்லிகைக் கூடையை மடியில் வைத்தபடி, மாலையில் ஃபெர்ரி தாமதமானால் தோட்டத்து வீட்டில் தனித்திருக்கும் மகள் என்ன செய்வாள் என்று அவர் கவலைப்படுகிறார். கதையைத் தாய் சொல்வதா, மகள் சொல்வதா என்பதில்தான் தடுமாறுகிறேன். மகளின் குரலே உண்மையாக ஒலிக்கும் என்று என் மனம் சொல்கிறது. அக்காலத்தில் ஃபெர்ரியில் சென்றுவந்த பெரியவர்கள், அங்கே கேட்ட பேச்சு, கட்டணம், நெரிசல் என எது நினைவிலிருந்தாலும் எழுதி உதவுங்கள். அக்காட்சியை இரண்டு பக்கமாக எழுதியிருக்கிறேன்; குறைகளைத் தயங்காமல் சுட்டிக்காட்டக்கூடிய ஓரிருவர் அதைப் படித்துப் பார்க்க முன்வந்தால் மிகவும் நன்றியுடையவனாவேன்.