போடரில் லேண்டிங்: அமெரிக்க விசா இல்லை, ஆவணியில் கல்யாணம். என்ன செய்யலாம்?

நெல்லியடியான் | ஜூலை 2019

வணக்கம். ஸ்காபரோவில் இருக்கிறேன். இங்கே கொலிஜ் முடித்து, அதற்குப் பிறகு கிடைத்த வேலை அனுமதியில் வேலை செய்கிறேன். ஜனவரியில் எக்ஸ்பிரஸ் என்ட்ரி என்ற புள்ளி முறை ஊடாக, கனடிய அனுபவப் பிரிவில் பி.ஆர். (நிரந்தர வதிவிட) விண்ணப்பம் போட்டேன். போன கிழமை பாஸ்போர்ட்டில் விசா ஒட்டி வந்தது, கூடவே நிரந்தர வதிவிட உறுதிப் பத்திரமும் வந்துவிட்டது. டிசம்பர் வரை செல்லும். வேலை அனுமதி நவம்பரில் முடிகிறது.

இனி லேண்டிங் மட்டும்தான் மிச்சம், அதாவது அதிகாரி முன்னால் கையெழுத்துப் போட்டு பி.ஆர். ஆகிற கடைசிப் படி. உள்ளே இருக்கிற குடிவரவு அலுவலகத்தில் நேரம் கேட்கலாம், ஆனால் எப்போது கூப்பிடுவார்கள் என்று சொல்ல முடியாதாம். நயாகராவுக்குப் போய் அமெரிக்கப் பக்கத்தைத் தொட்டுத் திரும்பி வந்தால் அன்றைக்கே முடியும் என்று கூட இருக்கும் நண்பர் சொல்கிறார். என்னிடம் இலங்கைப் பாஸ்போர்ட், அமெரிக்க விசா இல்லை. போகலாமா? எந்தப் பாலம் நல்லது? எனக்கு வெள்ளிக்கிழமைதான் லீவு.

இன்னொன்று. ஆவணியில் ஊரில் எனக்குக் கல்யாணம். அதற்கு முன்னம் லேண்டிங்கை முடித்துவிட்டு, கல்யாணம் முடிந்த கையோடு மனைவியை ஸ்பொன்சர் பண்ணி இங்கே கூப்பிடலாம் என்று நினைக்கிறேன். சரிதானே?

கோவைக்காரன் | ஜூலை 2019

நான் போன வருஷம் ரெயின்போ பாலத்தில் முடித்தேன். அமெரிக்க விசா தேவையில்லை. நீங்கள் அமெரிக்காவுக்குள் போகப் போவதில்லை, அவர்கள் உங்களைத் திருப்பி அனுப்பப் போகிறார்கள். அவ்வளவுதான் விஷயம்.

பாலத்தைத் தாண்டியதும் அமெரிக்க பூத்தில் "எங்கே போகிறீர்கள்" என்று கேட்பார்கள். சுற்றி வளைக்காமல், ஃபிளாக்போல் பண்ண வந்தேன் (எல்லையைத் தொட்டுவிட்டு உடனே திரும்புவதற்கு அதுதான் பெயர்), கனடா பி.ஆர். லேண்டிங் என்று சொல்லுங்கள். அவர்களுக்கு இது தினசரி வேலை. பாஸ்போர்ட்டையும் கார் சாவியையும் வாங்கிக்கொண்டு உள்ளே உட்காரச் சொன்னார்கள். விரல் ரேகை, போட்டோ எடுத்தார்கள். அமெரிக்காவுக்குள் அனுமதிக்கவில்லை என்று ஒரு தாள் கொடுத்து, வண்டியைத் திருப்பிக்கொண்டு போகச் சொன்னார்கள். கனடா பூத்தில் அந்தத் தாளோடு பாஸ்போர்ட்டையும் உறுதிப் பத்திரத்தையும் நீட்டினால் குடிவரவு கவுண்டருக்கு அனுப்புவார்கள். அந்தத் தாளைப் பிறகும் வைத்திருங்கள். நாளைக்கு அமெரிக்க விசா போடும்போது, நுழைவு மறுக்கப்பட்டிருக்கிறதா என்று படிவத்தில் ஒரு கேள்வி வரும். மறைக்காமல் எழுத அந்தத் தாள் உதவும்.

வெள்ளிக்கிழமை மட்டும் போகாதீர்கள். 2017 கோடையிலிருந்து ரெயின்போ, குயின்ஸ்டன்-லூயிஸ்டன், பீஸ் பாலம் மூன்றிலும் இப்படி வருகிறவர்களைச் செவ்வாய், புதன், வியாழனில்தான் பார்க்கிறார்கள். பக்கத்திலேயே இருக்கும் வேர்ல்பூல் பாலம், முன்கூட்டியே சோதித்து அனுமதித்த பயணிகளுக்குக் கொடுக்கும் நெக்ஸஸ் அட்டை உள்ளவர்களுக்கு மட்டும். ஜிபிஎஸ் சில நேரம் அங்கே இழுக்கும், கவனம்.

பத்திரத்தில் வீட்டிலேயே கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். அதிகாரி முன்னால்தான் போட வேண்டும். கனடிய அனுபவப் பிரிவு என்பதால் வங்கிக் கணக்கில் பணம் காட்ட வேண்டியதில்லை. பி.ஆர். கார்ட் வரவேண்டிய முகவரியைச் சரியாகச் சொல்லுங்கள். வண்டியில் கஞ்சா சம்பந்தப்பட்ட எதுவும் இருக்கக் கூடாது. 2018 அக்டோபரில் இங்கே அது சட்டப்படி ஆகிவிட்டது, ஆனால் எல்லை தாண்டிக் கொண்டுபோவது இரண்டு நாட்டிலும் குற்றம்.

மார்க்கம் அக்கா | ஜூலை 2019

பாலத்தை விடுங்கள், அது பெரிய காரியமில்லை. தம்பி, ஆவணியில் கல்யாணம் என்கிறீர்கள். தாலிகட்டா, எழுத்தா (பதிவுத் திருமணமா)? எழுத்து முடிந்துவிட்டதா?

நெல்லியடியான் | ஜூலை 2019

எழுத்து மார்ச்சில் முடிந்தது அக்கா. லீவில் போனபோது இரண்டு வீட்டுக்காரரும் பதிவாளரைக் கூப்பிட்டு வீட்டிலேயே செய்தார்கள். ஆனால் நாங்கள் சேர்ந்து வாழவில்லை, அவ அவவின் வீட்டில்தான். எங்கள் பக்கம் தாலி கட்டினால்தானே கல்யாணம். விண்ணப்பம் போட்ட ஜனவரியில் நான் உண்மையாகவே தனியாள்தான், அப்படித்தான் போட்டேன்.

மார்க்கம் அக்கா | ஜூலை 2019

அப்படியென்றால் போடருக்குப் போகவே போகாதீர்கள். இப்போதைக்கு வேண்டாம்.

கனடாவுக்கு நீங்கள் மார்ச்சிலேயே கல்யாணம் ஆனவர். பதிவுச் சான்றிதழில் என்ன திகதி இருக்கிறதோ அதுதான் கல்யாணத் திகதி. உங்கள் உறுதிப் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள், திருமண நிலை என்ற இடத்தில் தனியாள் என்று இருக்கும். கவுண்டரில் அதிகாரி கல்யாணம் ஆகிவிட்டதா, பிள்ளைகள் உண்டா, விண்ணப்பத்தில் சொல்லாத குடும்பத்தவர் யாரும் உண்டா என்று கேட்டுவிட்டுத்தான் கையெழுத்து வாங்குவார். குடிவரவு ஒழுங்குவிதி 51 இதைத்தான் சொல்கிறது: லேண்டிங் நேரத்தில் திருமண நிலை மாறியிருந்தாலும், முன்பு சொல்லாத முக்கியமான விஷயம் இருந்தாலும் அதிகாரியிடம் நீங்களாகவே சொல்ல வேண்டும்.

சொல்லாமல் கையெழுத்துப் போட்டால் என்ன ஆகும் தெரியுமா? 117(9)(d) என்று ஒரு விதி இருக்கிறது. நீங்கள் பி.ஆர். ஆகும்போது உங்களுக்கு மனைவி இருந்து, அவவைக் குடிவரவுத் திணைக்களம் பரிசோதிக்காமல் விட்டிருந்தால், குடும்பப் பிரிவில் அவவை நீங்கள் ஸ்பொன்சர் பண்ண முடியாது. ஓரிரு வருடத்துக்கு அல்ல, அந்தத் தடை தானாக நீங்காது. மனிதாபிமான அடிப்படையில் மன்றாடிக் கேட்கும் வழி ஒன்றுதான் மிஞ்சும். அதற்கு வருடக்கணக்கில் காத்திருந்த குடும்பங்களை எனக்குத் தெரியும். பிள்ளை ஊரில் பிறந்து, தகப்பனை ஃபோனில் மட்டும் பார்த்து வளர்ந்தது. அதனால்தான் இவ்வளவு சத்தமாகச் சொல்கிறேன்.

பிரம்ப்டன்87 | ஜூலை 2019

இவ்வளவு பயப்படத் தேவையில்லை. லேண்ட் பண்ணிவிட்டு, ஆவணியில் கோயிலில் கட்டுகிற திகதியைக் கல்யாணத் திகதியாகப் போட்டு ஸ்பொன்சர் பண்ணட்டும். எழுத்தைப் பற்றி யார் கேட்கப் போகிறார்கள்?

மார்க்கம் அக்கா | ஜூலை 2019

ஸ்பொன்சருக்குக் கல்யாணச் சான்றிதழ் கட்டாயம் கேட்பார்கள், அதில் மார்ச் திகதி இருக்கும். அதை விட்டுவிட்டு இன்னொரு முறை எழுத வெளிக்கிட்டால் அது பொய்ப் பத்திரம். குடிவரவுச் சட்டத்தின் 40ஆம் பிரிவில் தவறான தகவலுக்கு 5 வருடத் தடை, அதோடு கிடைத்த பி.ஆரும் போகலாம். தயவுசெய்து இந்த யோசனையை யாருக்கும் சொல்லாதீர்கள். கேட்பவர் நல்ல பிள்ளை, இதுவரை எந்த இடத்திலும் பொய் சொல்லவில்லை. அதுதான் அவருடைய பலம்.

நெல்லியடியான் | ஜூலை 2019

நன்றி அக்கா, நெஞ்சு பதறுகிறது. இப்போது சொன்னால் தனியாளுக்குக் கிடைத்த புள்ளி குறைந்து எல்லாம் போய்விடாதா? பத்திரமும் வேலை அனுமதியும் முடிந்தால் என் கதி?

கோவைக்காரன் | ஜூலை 2019

புள்ளியைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். சட்டத்தின் 11.2 பிரிவு பார்ப்பது விண்ணப்பிக்கச் சொல்லி அழைப்பு வந்த நாளையும் விண்ணப்பம் போய்ச் சேர்ந்த நாளையும்தான். இரண்டிலும் நீங்கள் தனியாள், அதுதான் உண்மை.

வேலை அனுமதிக்குப் பிரிட்ஜிங் ஓப்பன் ஒர்க் பெர்மிட் இருக்கிறது, பி.ஆர். முடிவு வரும்வரை வேலை செய்ய விடும் இடைக்கால அனுமதி. இந்த வருட (2019) விதிப்படி, இப்போதைய அனுமதி முடிய 4 மாதத்துக்குள் இருந்தால் போடலாம், நவம்பர் என்றால் நீங்கள் அந்தக் கட்டத்தில்தான் இருக்கிறீர்கள். முடிவதற்கு முன் போட்டுவிட்டால், கனடாவுக்குள் இருக்கும்வரை பதில் வரும்வரை பழைய நிபந்தனையிலேயே வேலை செய்யலாம்.

மார்க்கம் அக்கா | ஜூலை 2019

செய்ய வேண்டியது இதுதான். இன்றைக்கே திணைக்களத்தின் இணையப் படிவத்தில் விண்ணப்ப எண்ணைப் போட்டு, மார்ச்சில் கல்யாணம் பதிவானது, மனைவியைக் கூட வருபவராகச் சேர்க்க வேண்டும் என்று எழுதுங்கள். பதிவுச் சான்றிதழை ஆங்கில மொழிபெயர்ப்போடு இணையுங்கள். பத்திரத்தைத் திருப்பி அனுப்பச் சொல்லிக் கேட்பார்கள். பிறகு அவவின் படிவங்கள், பொலிஸ் சான்றிதழ், திணைக்களம் அங்கீகரித்த டொக்டரிடம் மெடிக்கல் எல்லாம் கேட்பார்கள். இந்த வருட (2019) கணக்குப்படி அவவுக்கு விண்ணப்பக் கட்டணம் 550 டொலர், வதிவிட உரிமைக் கட்டணம் 490 டொலர்.

சிலர் காசு மிச்சம் பிடிக்க "கூட வரவில்லை" என்று போடுவார்கள். அப்படிப் போட்டாலும் மெடிக்கலும் சோதனையும் கட்டாயம் முடிய வேண்டும், அப்போதுதான் பிறகு ஸ்பொன்சர் பண்ணும் உரிமை நிற்கும். உங்களுக்குக் கூட வருபவர் என்பதே நல்லது. தனி ஸ்பொன்சருக்கு இன்னொரு வரிசையில் நிற்கத் தேவையில்லை.

ஆவணிக்கு ஊருக்குப் போவதென்றால், திரும்பி வரும் விசா செல்லுமா என்று முதலில் பாருங்கள். பியர்சன் விமான நிலையத்தில் லேண்டிங் பண்ணட்டுமா என்று அதிகாரி தானாகவே கேட்கக் கூடும். கல்யாணம் ஆகிவிட்டது, திணைக்களத்துக்குச் சொல்லியிருக்கிறேன் என்று அனுப்பிய கடிதத்தின் பிரதியைக் காட்டுங்கள். அது எப்போதும் கையில் இருக்க வேண்டும்.

நெல்லியடியான் | பெப்ரவரி 2020

இதைப் படித்துவிட்டுக் கடைசியில் என்ன ஆனது என்று தேடுகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

அன்றைக்கே இணையப் படிவம் போட்டேன். பத்திரத்தைத் திருப்பிக் கேட்டார்கள், அனுப்பினேன். அவவின் மெடிக்கல் கொழும்பில் முடிந்தது. இலங்கைப் பொலிஸ் சான்றிதழுக்குத்தான் கொஞ்சம் அலைச்சல். அனுமதி முடியும் முன்னமே பிரிட்ஜிங் விண்ணப்பம் போட்டதால் வேலை நிற்கவில்லை. தை மாதம் புதுப் பத்திரங்கள் வந்தன, எனக்கு ஒன்று, அவவுக்கு ஒன்று. என்னுடையதில் திருமண நிலை "மணமானவர்" என்று இருந்ததைப் பார்த்தபோது வந்த நிம்மதியைச் சொல்ல முடியாது.

முதன்மை விண்ணப்பதாரர் முதலில் லேண்ட் பண்ண வேண்டும் அல்லது இரண்டு பேரும் சேர்ந்து பண்ண வேண்டும். நான் ஒரு புதன்கிழமை ரெயின்போ பாலத்துக்குப் போனேன். கோவை அண்ணா சொன்னபடியேதான் நடந்தது, சாவி, விரல் ரேகை, தாள். கனடாப் பக்கம் வந்த அதிகாரி வயதான அம்மா. "கல்யாணம் ஆகிவிட்டதா" என்றார், ஆம் என்றேன். "மனைவி எங்கே" என்றார். யாழ்ப்பாணத்தில், பத்திரம் வந்துவிட்டது, டிக்கெட் போட்டாயிற்று என்றேன். இரண்டு பிரதியிலும் எங்கே கையெழுத்து, எங்கே சுருக்கொப்பம் என்று பேனை முனையால் காட்டினார். கையெழுத்தானதும் ஒரு பிரதியை எடுத்துக்கொண்டு மற்றதைத் தந்தார்.

அடுத்த நாள் சேர்விஸ் கனடா அலுவலகத்துக்குப் போய் 9இல் தொடங்கும் பழைய சமூகக் காப்புறுதி எண்ணை மாற்றினேன். கார்ட் வரும்வரை வெளிநாடு போவதில்லை. விமானத்தில் திரும்ப ஏற பி.ஆர். கார்ட் கேட்பார்கள், அது இல்லாமல் வெளியே மாட்டினால் பயணப் பத்திரத்துக்குத் தூதரகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். அதனால் அவவே வருகிறா, பியர்சனில் லேண்டிங்.

அக்கா, நீங்கள் "எழுத்தா, தாலிகட்டா" என்று கேட்காவிட்டால் நான் அந்தக் கிழமையே போயிருப்பேன். இரண்டு வீட்டாரும் உங்களைத்தான் கும்பிடுகிறார்கள்.

வன்கூவர் தமிழன் | மார்ச் 2025

பழைய இழை, மன்னிக்கவும். இப்போதும் இப்படி, இங்கே வன்கூவர் பக்கமுள்ள பீஸ் ஆர்ச் எல்லைக்குப் போய் முடிக்கலாமா? எனக்கு வேலை அனுமதியும் நீட்ட வேண்டும், பி.ஆரும் முடியும் கட்டத்தில் இருக்கிறது.

மார்க்கம் அக்கா | மார்ச் 2025

வேலை அனுமதிக்குப் போகாதீர்கள் தம்பி. 2024 டிசம்பர் 23 இரவோடு, இப்படிப் போய்த் திரும்புகிறவர்களுக்கு வேலை அனுமதி, படிப்பு அனுமதி போடரில் கொடுப்பதை நிறுத்திவிட்டார்கள். அமெரிக்கக் குடிமக்கள், சில வர்த்தக ஒப்பந்தங்களில் வரும் தொழில்வல்லுநர்கள் என்று ஒரு சிலருக்குத்தான் விலக்கு. உங்களுடையதை ஒன்லைனில், இப்போதைய அனுமதி முடியும் முன் போடுங்கள்.

பி.ஆருக்குப் பாலம் ஏறவே தேவையில்லை. கோவிட்டுக்குப் பிறகு கனடாவுக்குள் இருப்பவர்களுக்கு இணையத் தளத்திலேயே லேண்டிங் முடிகிறது. மின்னஞ்சல் வரும், கனடாவில்தான் இருக்கிறேன் என்று உறுதி செய்து, போட்டோவும் முகவரியும் போட்டால் மின் பத்திரம் அங்கேயே வரும். எதிரே அதிகாரி இருந்து கேட்கமாட்டார், விரல் சொடுக்கில் முடிந்துவிடும். ஆனால் 117(9)(d) அப்படியே இருக்கிறது. விண்ணப்பம் போட்ட பிறகு எழுத்து, விவாகரத்து, பிள்ளைப்பேறு எது நடந்திருந்தாலும், அந்த மின்னஞ்சலுக்குப் பதில் போடும் முன் இணையப் படிவத்தில் திணைக்களத்துக்கு எழுதிவிடுங்கள். உங்களுக்கு அப்படி ஏதும் இருக்கிறதா?

வன்கூவர் தமிழன் | மார்ச் 2025

இருக்கிறது அக்கா. கார்த்திகையில் மகள் பிறந்தாள், மனைவி ஊரில்தான் இருக்கிறா. மனைவி பெயர் விண்ணப்பத்தில் உண்டு, மகளுடையது இல்லை. இன்றைக்கே படிவம் போடுகிறேன்.

மார்க்கம் அக்கா | மார்ச் 2025

வாழ்த்துகள் தம்பி. பிறப்புச் சான்றிதழும் மொழிபெயர்ப்பும் சேர்த்து அனுப்புங்கள். மகளுக்குப் பாஸ்போர்ட் இல்லாவிட்டால் அதையும் இன்றைக்கே தொடங்குங்கள், மெடிக்கலுக்கு அடையாளப் பத்திரம் கேட்பார்கள்.